உடைந்தால் தெரியும், மங்கினால் தெரியாது

மெட்டீரியல் செலக்‌ஷன் அசைன்மென்ட் வந்தா நாம எல்லாரும் செய்யிற வேலை ஒண்ணுதான். நாலு பொருளுக்கு டேட்டா ஷீட் தேடி எடுப்போம். எக்ஸெல்ல ஒரு டேபிள் போடுவோம். எந்த நம்பர் பெரிசோ அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் கலர் அடிப்போம். "ஆகவே இதுவே சிறந்த பொருள்" என்று முடித்துவிடுவோம். மார்க்கும் வந்துவிடும். அந்தப் பொருளை வைத்து நாம் எதையும் செய்யப் போவதில்லை, அதில் ஏறிப் பறக்கப் போவதும் இல்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தான் தேர்ந்தெடுத்த பொருளோடு தானே வானத்தில் ஏறுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்களைச் சொல்கிறேன். ஒரு விமானம் முடிவதற்குள் அவர்கள் ஆயிரக்கணக்கான முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். அதில் ரொம்பச் சின்ன ஒரு முடிவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இறக்கையில் இருக்கிற விளக்குக்கு மேல் மூடுகிற தெளிவான பிளாஸ்டிக் கவருக்கு எந்த பிளாஸ்டிக்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான லைட் கவருக்கு அக்ரிலிக்தான் சரி. "பாலிகார்பனேட் உடையவே உடையாது" என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுப்பது, பரீட்சையில் கேட்காத கேள்விக்கு அருமையாகப் பதில் எழுதிவிட்டு வருவது மாதிரி. ஏன் என்று பார்ப்போம்.

கராஜில் ஒரு விமானம்

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வில் "எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட்" என்று ஒரு பிரிவு உண்டு. விமானத்தின் பெரும்பகுதி வேலையை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஆர்வலர்களே செய்திருந்தால் அந்தப் பிரிவில் பதிவு செய்யலாம். பேச்சு வழக்கில் இதை "51 சதவீத விதி" என்பார்கள். இவர்களுக்கென்று 1953-ல் விஸ்கான்சினில் தொடங்கிய சங்கம்தான் இ.ஏ.ஏ. வருஷா வருஷம் ஜூலைக் கடைசியில் ஆஷ்காஷ் என்ற ஊரில் அவர்கள் நடத்துகிற விழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் பறந்து வந்து இறங்கும். ஓரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனம் விற்கிற ஆர்வி வகை கிட்களை வாங்கி மக்கள் கட்டிப் பறக்கவிட்ட விமானங்கள் மட்டுமே 10,000-க்கு மேல். விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

கம்பெனி விமானத்தில் ஒரு கவர் உடைந்தால் அங்கீகரிக்கப்பட்ட பாகத்தைத்தான் வாங்கிப் போட வேண்டும். அங்கே தேர்வு செய்யும் வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார்கள். வீட்டில் கட்டும் விமானத்துக்கு அப்படியில்லை. பிளாஸ்டிக் கடைக்குப் போய் ஒரு ஷீட் வாங்கி, வீட்டு ஓவனில் சூடாக்கி, வளைத்து மாட்டிவிடலாம். அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம். அதே சமயம், தப்பாகத் தேர்ந்தெடுத்தால் "கம்பெனி அப்படிக் கொடுத்துட்டான்" என்று கைகாட்ட ஆள் இல்லை.

விளக்குகள் என்னென்ன? இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, பின்னால் வெள்ளை. இவை பொசிஷன் லைட். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை எரிய வேண்டும் என்பது சட்டம். சிவப்பு தெரிகிறதா, பச்சை தெரிகிறதா என்பதை வைத்துத்தான் எதிரே இருக்கும் விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று இரவில் விமானி புரிந்துகொள்கிறார். இதோடு பளிச் பளிச்சென்று மின்னுகிற ஸ்ட்ரோப். அப்புறம் ஓடுபாதையைக் காட்டுகிற லேண்டிங் லைட். பல வீட்டு விமானங்களில் இந்த லேண்டிங் லைட் இறக்கையின் முன்விளிம்புக்குள் இருக்கும். அலுமினியத் தகட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, உள்ளே விளக்கை வைத்து, முன்விளிம்பின் அதே வளைவில் செய்த தெளிவான கவரை ஸ்க்ரூ போட்டு மாட்டுவார்கள்.

அந்தக் கவர் செய்ய வேண்டிய வேலை மூன்று. இறக்கையின் வளைவு கெடாமல் காற்றை ஓடவிட வேண்டும். மழையும் பூச்சியும் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். வெளிச்சத்தை வெளியே விட வேண்டும். மூன்றாவதுதான் அது அங்கே இருப்பதற்கே காரணம். மற்ற இரண்டையும் ஒரு அலுமினியத் தகடே செய்துவிடும்.

எவ்வளவு பலம் வேணும்?

"விமானம்னா வேகம், வேகம்னா பலம் வேணும்" என்று மனசு சொல்லும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆர்வி மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நொடிக்கு சுமார் 89 மீட்டர். கடல்மட்டக் காற்றின் அடர்த்தி 1.225. அரை ரோ வி ஸ்கொயர் போட்டால் சுமார் 4,900 பாஸ்கல். கவர் 25 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 0.03 சதுர மீட்டர். மொத்த விசை 147 நியூட்டன், ஏறக்குறைய 15 கிலோ எடை. அதுவும் கவர் முழுக்கப் பரவிய விசை. நிஜத்தில் முன்விளிம்பின் மூக்கில்தான் இந்த முழு அழுத்தம். மேல் பக்கம் போகப் போக அது உறிஞ்சலாக மாறும். புத்தகம் நிரம்பிய ஒரு ஸ்கூல் பேக்கின் எடையை 3 மி.மீ. வளைந்த ஷீட் ஒன்று, சுற்றிலும் ஸ்க்ரூ பிடிப்போடு தாங்க வேண்டும். அக்ரிலிக்கும் தாங்கும், பாலிகார்பனேட்டும் தாங்கும், பி.இ.டி.ஜி.யும் தாங்கும்.

ஆக, பலம் என்ற கேள்வியில் மூன்று பேருமே பாஸ். ஆனால் டேட்டா ஷீட்டில் கண்ணை இழுக்கிற நம்பர் வேற. நாட்ச் போட்ட ஐசாட் சோதனையில் அக்ரிலிக்குக்கு ஒரு மீட்டருக்கு 15 முதல் 20 ஜூல் வரும். பாலிகார்பனேட்டுக்கு 600-க்கு மேல். முப்பது மடங்குக்கு மேல வித்தியாசம்! எக்ஸெல்ல மஞ்சள் கலர் தானாக அங்கேதான் போய் உட்காரும். கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கவர் தன் வாழ்நாளில் எத்தனை தடவை சுத்தியல் அடி வாங்கப் போகிறது? எத்தனை நாள் வெயிலில் நிற்கப் போகிறது? முதல் கேள்விக்குப் பதில் அநேகமாகப் பூஜ்யம். இரண்டாவதுக்குப் பதில், கட்டிய நாள் முதல் விற்கிற நாள் வரை.

காலேஜ் பார்க்கிங்கில் இருக்கு ஆதாரம்

இதை நம்புவதற்கு அமெரிக்கா போக வேண்டாம். நம்ம காலேஜ் ஸ்டாஃப் பார்க்கிங்கில் பத்து வருஷப் பழைய கார் ஒன்றைப் பாருங்கள். முன்னாடி ஹெட்லைட் மஞ்சளாகி, கண்ணில் புரை விழுந்த மாதிரி மங்கிக் கிடக்கும். அதே காரின் பின்னாடி போனால் டெயில் லைட் இன்னும் பளபளவென்று இருக்கும். ஒரே கார், ஒரே வெயில், ஒரே தூசி. வித்தியாசம் பிளாஸ்டிக்கில். இன்றைய கார்களில் ஹெட்லைட் லென்ஸ் பாலிகார்பனேட். டெயில் லைட் பெரும்பாலும் அக்ரிலிக்.

பாலிகார்பனேட்டின் மூலக்கூறில் இருக்கிற வளையங்கள் புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய சக்தி பிணைப்புகளை உடைத்து வேறு விதமாகச் சேர்க்கும். போட்டோ-ஃப்ரைஸ் மாற்றம் என்று பாலிமர் கெமிஸ்ட்ரியில் படிப்போமே, அதுதான். விளைபொருள் மஞ்சள். மேற்பரப்பு நொறுங்கி நுண்ணிய விரிசல் விடும். அக்ரிலிக், அதாவது பி.எம்.எம்.ஏ., சூரிய ஒளியில் வரும் புற ஊதாக் கதிரை அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. அதனால் பல வருஷம் தெளிவாகவே நிற்கும்.

அக்ரிலிக்கின் இந்தப் பொறுமைக்கு இன்னொரு சாட்சி விமானத்திலிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் கானபி பெர்ஸ்பெக்ஸில் செய்தது. பெர்ஸ்பெக்ஸ் என்பது அக்ரிலிக்கின் ஒரு வியாபாரப் பெயர். குண்டடிபட்டுத் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்த் தங்கியும் கண் அதை எதிர்க்கவில்லை என்று கவனித்தார் லண்டன் டாக்டர் ஹரால்ட் ரிட்லி. அதே பொருளில் லென்ஸ் செய்து 1949-ல் முதன்முதலாகக் கண்புரை நோயாளிக்கு வைத்தார். மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப் குறைந்த விலையில் கண் லென்ஸ் செய்ய ஆரம்பித்ததும் இந்தப் பொருளில்தான். நம்ம வீட்டுத் தாத்தா பாட்டி எத்தனையோ பேர் கண்ணுக்குள் வருஷக்கணக்காகத் தெளிவாக உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் இது.

"அப்போ கார் கம்பெனிக்காரன் முட்டாளா?" என்று கேட்கலாம். இல்லை. ஹைவேயில் தெறிக்கிற கல், பல்பின் சூடு, சிக்கலான வடிவம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் பாலிகார்பனேட் எடுத்தார்கள். புற ஊதாவைத் தடுக்க ஃபேக்டரியிலேயே கடினப் பூச்சு போடுகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்த பிறகுதான் மஞ்சள் வருகிறது. கராஜில் கட்டுகிறவருக்குச் சிக்கல் இங்கேதான். கடினப் பூச்சு போட்ட பாலிகார்பனேட் ஷீட் கடையில் கிடைக்கும். ஆனால் சூடாக்கி முன்விளிம்பு வளைவுக்கு வளைத்தால், பெரும்பாலான வகைகளில் பூச்சு விரிசல் விட்டுவிடும். பூச்சு இல்லாத ஷீட்டை வளைத்தால் வெயில் தின்றுவிடும். அவருக்குத் தேவையான பாலிகார்பனேட்டை அவரால் வளைக்க முடியாது, வளைக்க முடிகிற பாலிகார்பனேட் அவருக்கு வேண்டியதில்லை.

மங்கினால் என்ன ஆகும்?

கொஞ்சம் மஞ்சளானா என்ன, லைட் எரியுதுல்ல? இதற்கும் ஒரு கணக்கு. தெளிவான வானத்தில் ஒரு விளக்கு தெரிகிற தூரம் அதன் ஒளிச்செறிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கவர் மங்கி 30 சதவீத வெளிச்சம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 0.7-ன் வர்க்கமூலம் 0.84. முன்பு 5 கி.மீ.யில் தெரிந்த விளக்கு இப்போது 4.2 கி.மீ.யில்தான் தெரியும். ஆளுக்கு 150 நாட் வேகத்தில் இரண்டு விமானங்கள் நேர் எதிராக வந்தால் இடைவெளி நொடிக்கு சுமார் 154 மீட்டர் குறையும். முதல் தூரத்தைக் கடக்க 32 நொடி. இரண்டாவதுக்கு 27 நொடி. ஐந்து நொடி போச்சு. எதிரே ஒரு புள்ளி இருக்கிறது, அது விமானம், அது நகராமல் நிற்பதால் நம்மை நோக்கித்தான் வருகிறது, ஸ்டிக்கைத் திருப்பணும் என்று ஒரு மனிதன் புரிந்துகொண்டு செயல்படுகிற நேரத்திலிருந்து ஐந்து நொடி.

லேண்டிங் லைட்டில் பாதிப்பு வேறு மாதிரி. மங்கல் படிந்த பிளாஸ்டிக் ஒளியைத் தின்பதோடு நிற்காமல் சிதறடிக்கும். ஓடுபாதையில் விழ வேண்டிய வெளிச்சம் கவரிலேயே பால் மாதிரி பரவும். கிராமப்புற ஓடுபாதையில் இருட்டும் நேரத்தில் மான் குறுக்கே நிற்பது அமெரிக்க விமானிகளுக்குப் புதிதல்ல.

இதில் பயமுறுத்துவது, மங்கல் ஒரே நாளில் வராது என்பது. பறப்பதற்கு முன் விமானி விமானத்தைச் சுற்றி வந்து கை வைத்துப் பார்ப்பார். கவரில் விரிசல் இருந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணில் படும், நகத்தில் தட்டும். ஸ்விட்ச் போட்டால் லைட் எரியும், "ஓகே" என்று டிக் அடிப்பார். எரிகிற லைட்டில் போன வருஷத்தை விட எத்தனை சதவீதம் குறைந்தது என்று எந்தக் கண்ணும் சொல்லாது. அக்ரிலிக் சத்தமாக ஃபெயில் ஆகும். பூச்சில்லாத பாலிகார்பனேட் சத்தமில்லாமல் ஃபெயில் ஆகும். செக்லிஸ்ட்டில் பிடிபடுகிற குறையோடு வாழலாம். பிடிபடாத குறைதான் கூடவே பறக்கும்.

92-ஆ, 88-ஆ?

ஒளி ஊடுருவல் என்று டேட்டா ஷீட்டில் அக்ரிலிக்குக்கு 92 சதவீதம், பாலிகார்பனேட்டுக்கு 88 பக்கம் இருக்கும். "பார்த்தியா, இதுலயும் அக்ரிலிக்தான்" என்று நான் சொல்லப் போவதில்லை. இந்த நாலு சதவீதத்தை வைத்துச் சண்டை போடுவதும் மஞ்சள் கலர் அடிக்கிற பழக்கம்தான்.

அந்த 92 எங்கிருந்து வருகிறது? அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. நேராக விழும் ஒளியில் ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 4 சதவீதம் பிரதிபலித்துத் திரும்பும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டு பரப்புக்கு 8. மீதி 92. பொருள் எதையும் தின்னவில்லை. பாலிகார்பனேட்டுக்கு எண் 1.585 என்பதால் பிரதிபலிப்பு மட்டுமே 10 சதவீதம்.

ஆனால் இது நேராக விழும் ஒளிக்கு. இறக்கையின் முன்விளிம்பு வளைந்தது. இறக்கை நுனியில் கவர் இன்னும் சாய்வாக இருக்கும். ஒளி 60 டிகிரி சாய்வில் விழுந்தால் ஒரு பரப்புக்கு 9 சதவீதம் திரும்பும். 75 டிகிரியில் 25 சதவீதம். இரண்டு பரப்பும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் வெளியே போகாது. விளக்கை உள்ளே எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பது, எந்த பிளாஸ்டிக் என்பதை விடப் பல மடங்கு பெரிய முடிவு. ஃப்ரெனல் சமன்பாடு செகண்ட் செமஸ்டரோட முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சவங்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஓவன், ஓட்டை, ஸ்க்ரூ

அக்ரிலிக்குக்கு எதிராகச் சொல்லப்படுகிற பெரிய குற்றச்சாட்டு: "ட்ரில் பண்ணும்போதே உடையுது." உண்மைதான். ஆனால் அதற்குக் காரணமும் மருந்தும் இரண்டுமே தெரிந்தவை.

சாதாரண ட்ரில் பிட் உலோகத்துக்காகக் கூராக்கப்பட்டது. அக்ரிலிக்கில் அது கடித்து இழுக்கும், மறுபக்கம் வெளியே வரும் நொடியில் சில்லு தெறிக்கும். பிளாஸ்டிக்குக்கென்றே முனையை 60 டிகிரிக்குக் கூராக்கி, கடிக்காமல் சுரண்டுகிற மாதிரி செய்த பிட் உண்டு. பின்னால் மரத்துண்டு கொடுத்து மெதுவாக இறக்க வேண்டும். குளிர்ந்த அக்ரிலிக் இன்னும் எளிதாக உடையும். அதனால் ஆர்வி கட்டுகிறவர்கள் கானபி வெட்டுகிற நாளில் கராஜை ஹீட்டர் போட்டு நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். ஓட்டையின் உள்பக்கமும் வெட்டிய விளிம்பும் வழுவழுப்பாகும் வரை தேய்க்க வேண்டும். விரிசல் பிறக்கிற இடம் அங்கேதான்.

அடுத்தது ஓட்டையின் அளவு. அக்ரிலிக்கின் வெப்ப விரிவுக் குணகம் டிகிரிக்கு மில்லியனில் சுமார் 70. அலுமினியத்துக்கு 23. கவர் 30 செ.மீ. நீளம், வெப்பநிலை மாற்றம் 50 டிகிரி என்றால் அக்ரிலிக் 1.05 மி.மீ. நீளும், அலுமினியம் 0.35 மி.மீ.தான் நீளும். 0.7 மி.மீ. வித்தியாசம் எங்கே போகும்? ஓட்டை ஸ்க்ரூவுக்குச் சரியாக இருந்தால் அது அழுத்தமாக மாறும், ஒரு குளிர்கால இரவில் "டிக்" என்று விரிசலாக வெளியே வரும். ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, ஸ்க்ரூவை மெதுவாக இறுக்கி, கவர் நகர இடம் விட்டால் பிரச்சினை இல்லை. கூம்புத் தலை ஸ்க்ரூவை நேரடியாக பிளாஸ்டிக்கில் பதிக்கக் கூடாது. அது ஆப்பு மாதிரி ஓட்டையைப் பிளக்கும். பாலிகார்பனேட்டின் விரிவும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். அது உடனே உடையாது என்பதால் ஓட்டை தப்பாகப் போட்டவருக்கும் அது மன்னிப்புக் கொடுக்கும். பலருக்குப் பாலிகார்பனேட் பிடித்துப்போக நிஜக் காரணம் இந்த மன்னிப்புதான் என்பது என் சந்தேகம்.

மன்னிப்பும் நிரந்தரமில்லை. சூடாக்காமல் கையாலேயே வளைத்து ஸ்க்ரூ போட்ட பாலிகார்பனேட்டுக்குள் அழுத்தம் அப்படியே தங்கியிருக்கும். அதன் மேல் பெட்ரோல் ஆவியோ, அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ, ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடுகிற த்ரெட்லாக்கர் திரவமோ பட்டால் மயிரிழை விரிசல் ஓடும். சிறு விமானங்களின் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் இறக்கைக்குள்ளேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இந்த விஷயத்தில் அக்ரிலிக்கும் யோக்கியன் இல்லை. இரண்டையும் சோப்புத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

வளைப்பதில் அக்ரிலிக் சுலபம். 160 டிகிரி பக்கம் சூடாக்கினால் தோசை மாவு ஆறிய பதத்துக்கு இல்லாவிட்டாலும், ஈரத் தோல் மாதிரி தொய்யும். முன்விளிம்பு வடிவத்தில் மரத்தில் செய்த மோல்டின் மேல் மெத்தென்ற துணி விரித்துப் போர்த்திவிடலாம். பாலிகார்பனேட் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். 120 டிகிரி பக்கம் பல மணி நேரம் உலர்த்தாமல் நேரே வளைக்கிற சூட்டுக்குக் கொண்டுபோனால் உள்ளே குமிழ் குமிழாகக் கிளம்பும். சோடா பாட்டில் மாதிரி இருக்கிற கவரை யாரும் மாட்ட மாட்டார்கள். அக்ரிலிக் வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை: காஸ்ட் ஷீட் வாங்குங்கள். விலை குறைவான எக்ஸ்ட்ரூடட் ஷீட் சூடானால் இழுத்த திசையில் அதிகம் சுருங்கும், விரிசலும் சீக்கிரம் விடும்.

பி.இ.டி.ஜி.? உலர்த்த வேண்டாம், குறைந்த சூட்டில் அழகாக வளையும், ட்ரில்லுக்கும் பயப்படாது. ஆனால் 80 டிகிரியில் குழைய ஆரம்பித்துவிடும், அதற்கு முன்பே சுமை தாங்காது. அரிசோனா வெயிலில், அடர்நிற பெயின்ட் அடித்த இறக்கை, உள்ளே 100 வாட் ஹாலஜன் லைட், தரையில் காற்றோட்டம் இல்லாமல் எரிகிறது என்றால் கவர் தொங்கிப்போகும். எல்.இ.டி. வந்த பிறகு முன்பக்கச் சூடு குறைந்திருக்கிறது, சூடு பின்னால் ஹீட் சிங்க்குக்குப் போகிறது. இருந்தாலும் மோல்டு சரியா என்று பார்க்கிற சோதனைத் துண்டுக்குத்தான் பி.இ.டி.ஜி.யை நான் சிபாரிசு செய்வேன்.

கடைசியாக, கீறல். இரண்டிலுமே கீறல் விழும். அக்ரிலிக்கில் விழுந்த கீறலை நைஸ் எமரி, பாலிஷ் என்று வரிசையாகத் தேய்த்துப் பழைய தெளிவுக்குக் கொண்டுவந்துவிடலாம். பாலிகார்பனேட் மென்மையானது, தேய்க்கத் தேய்க்கப் புதுக் கீறல் வரும். ஹெட்லைட் பாலிஷ் பண்ணின கார் சில மாதத்திலேயே திரும்ப மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கே நான் தோற்பேன்

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுக்கணும். எஃப்-16 போர் விமானத்தின் கானபி பாலிகார்பனேட். பறவை மோதினால் பின்னால் இருப்பது ஒரு மனிதனின் முகம். அங்கே ஐசாட் நம்பர்தான் ராஜா. அதற்கான பூச்சும், கால முறைப்படி மாற்றுகிற பராமரிப்பும் அங்கே உண்டு.

வீட்டு விமானத்திலும் ஒரு இடம் உண்டு. பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி மாதிரி புரொப்பல்லர் பின்னால் இருக்கிற புஷர் வகை. அதன் மூக்கில் ஒரு லைட் கவர் வைத்து, அது உடைந்து தெறித்தால் சில்லுகள் காற்றோடு பின்னால் போய்ப் புரொப்பல்லரில் விழலாம். அங்கே உடையாமல் வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கிற பொருள்தான் வேண்டும். நான் பாலிகார்பனேட் போடச் சொல்வேன். கூடவே மாட்டிய தேதியை லாக் புக்கில் எழுதி, மஞ்சளாகிறதா இல்லையா என்று கண்ணை நம்பாமல், இத்தனை வருஷத்தில் மாற்றிவிடுவது என்று முன்கூட்டியே தேதி குறிக்கச் சொல்வேன். சத்தமில்லாமல் ஃபெயில் ஆகிற பொருளுக்கு காலண்டர்தான் செக்லிஸ்ட்.

புரொப்பல்லர் முன்னால் இருக்கிற ஆர்வி மாதிரி விமானத்தில் இறக்கைக் கவர் உடைந்தால்? நல்லதல்ல. இறக்கைக்குள் காற்று புகும், இழுவை கூடும், சில்லு வால்பக்கம் போகும். இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஓட்டை ஒழுங்காகப் போட்ட கவரில் அது அபூர்வம், விரிசல் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

நமக்கு என்ன?

நம்மில் யாரும் நாளைக்கே விமானம் கட்டப் போவதில்லை. ஆனால் ட்ரோன் டீம் கேமரா டோமுக்கும், பாஹா டீம் லைட்டுக்கும், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பெட்டிக்கும் தெளிவான பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கைக் கை அழுக்குப் போக ஆல்கஹால் வைத்துத் துடைத்தால் விளிம்பெல்லாம் விரிசல் ஓடுவது பல லேபில் நடப்பது. வெட்டிய சூட்டில் விளிம்பில் அழுத்தம் தங்கியிருக்கிறது, ஆல்கஹால் அதைத் திறந்துவிடுகிறது. இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். எல்.சி.டி. மானிட்டரில் வெள்ளைத் திரை வையுங்கள். அதன் முன்னால் பாலிகார்பனேட் துண்டைக் கையால் வளைத்துப் பிடியுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள், தேவைப்பட்டால் கிளாஸைக் கொஞ்சம் திருப்புங்கள். அழுத்தம் இருக்கிற இடமெல்லாம் வானவில் நிறத்தில் ஓடும். ஸ்க்ரூவை இறுக்க இறுக்க நிறம் மாறும். டேட்டா ஷீட்டில் இல்லாத தகவல் அது.

பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மெட்டீரியல் செலக்‌ஷன் டேபிளில் இன்னும் இரண்டு காலம் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, "இது எப்படி ஃபெயில் ஆகும்?" இரண்டு, "ஃபெயில் ஆவதை யார், எப்போது பார்ப்பார்?" இந்த இரண்டுக்கும் எந்த வெப்சைட்டிலும் ரெடிமேட் நம்பர் கிடைக்காது. பாகம் எங்கே மாட்டப்படுகிறது, யார் கழுவுகிறார், எந்த வெயிலில் நிற்கிறது, பின்னால் என்ன சுழல்கிறது என்று யோசித்தால்தான் எழுத முடியும். அதைக் காப்பி அடிக்கவும் முடியாது.

கராஜில் விமானம் கட்டுகிறவர் அந்த இரண்டு காலத்தையும் நிரப்பித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அந்த டேபிளின் கடைசியில் இருப்பது அவருடைய கையெழுத்து, முன் சீட்டில் இருப்பதும் அவரேதான்.